பாகுநிலைக்குப் பாத்தியதைக்காரர்

அரசாங்கப் பாடப் புத்தகத்தின் ஒரு பக்கத்துக்குச் சொந்தம் கொண்டாடி, அதைச் சரியாகப் பராமரிக்கிறார்களா என்று விசாரிக்கக் கிளம்பிய மனிதர் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். அவர் சங்கரன்கோவிலில் ஒரு மிட்டாய்க் கடையில் மாஸ்டராக இருந்தார். பெயர் பதம்.

இது பெற்றவர்கள் வைத்த பெயராக இருக்க முடியாது. ஆனால் நான் அந்த ஊரில் இருந்த ஆறு வருஷத்தில் அவரை வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. பாகு காய்ச்சுகிறவர்களுக்கு ஒற்றைக் கம்பி, இரட்டைக் கம்பி, உருட்டுப் பதம் என்று படிகள் உண்டு. விரலில் தொட்டு இழுத்தால் ஒரு நூல் வந்தால் ஒற்றைக் கம்பி, இரண்டு வந்தால் இரட்டை, தண்ணீரில் விட்டு உருட்டினால் உருண்டையாக வந்தால் உருட்டு. மற்ற மாஸ்டர்கள் இதையெல்லாம் அடுப்படியோடு விட்டுவிடுவார்கள். இவர் உலகத்தையே அப்படித்தான் அளந்தார்.

“வெயிலு ரெட்டைக் கம்பிக்கு வந்துட்டு டீச்சர். கொடை எடுத்துட்டுப் போங்க” என்பார். புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி கடைக்கு வந்தால், அவர்கள் போன பிறகு, “இன்னும் பாகு எறங்கலை. ஒத்தைக் கம்பிதான்” என்பார். ஊரில் ஒரு வக்கீலைப் பற்றி அவர் சொன்ன பதத்தை இங்கே எழுத முடியாது.

அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பனியன், இடுப்பில் துண்டு, எப்போதும் பாதி மூடிய கண். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பாகைத் தொட்டு இழுக்கும்போது மட்டும் முழுக்கத் திறக்கும். பாகு பூத்துச் சீனியாகத் திரும்பிவிடாமல் இருக்க இரண்டு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு விடுவார். அது புளியங்குடிப் பழமாக இருக்க வேண்டும். ஒரு தடவை முதலாளி வேறெங்கிருந்தோ வந்த பழத்தை நீட்டினார். பதம் முகர்ந்து பார்த்தார்.

“இதை நீங்க வீட்டுல ஊறுகா போட்டுக்கிடுங்க மொதலாளி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, புளியங்குடிக்கு பஸ் ஏறிவிட்டார். அவர் திரும்பும் வரை கடையில் அடுப்பு எரியவில்லை.

ஓர் ஆடித்தபசுத் திருவிழா. ஊர் தாங்காத கூட்டம். பனவடலிசத்திரத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு விவசாயி கருப்பட்டி மிட்டாய்க்காகக் கடை வாசலில் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுப் பொறுமை இழந்தார்.

“மாஸ்டர், என்னவே இன்னும் ஆகலியா? அங்கன கோமதி அம்மன் ஒத்தக் கால்ல தவசு நிக்கா. இங்கன நாங்களும் அப்படித்தான் நிக்கோம்.”

பதம் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அம்மன் அவசரப்பட்டாளா வே? நில்லும்.”

அவர் நின்றார். அந்தக் குடும்பமே நின்றது.

இந்த மனிதரின் தலைக்கு மேலே, அந்தக் கடையின் மாடியில், நான் குடியிருந்தேன். எழுபதுகளின் கடைசி. பிளஸ் டூ என்ற படிப்பு வந்த புதிது. ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் சயன்ஸ் குரூப் தொடங்கினார்கள். பௌதிகம் நடத்த ஆள் வேண்டுமென்று என்னைத் திருச்சியிலிருந்து வரவழைத்தார்கள். மாடி அறையில் என்னோடு தங்கியிருந்தவர் அதே பள்ளியின் தமிழாசிரியை. பிள்ளைகள் அவரைத் தமிழம்மா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். கீழேயிருந்து கருப்பட்டிப் பாகும் சுக்கும் ஏலக்காயும் ஆவியாகி மேலே வந்துகொண்டே இருக்கும். எங்கள் புடவைகளை எத்தனை தடவை துவைத்தாலும் அந்த வாசனை போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் குழந்தைகள் என் முந்தானையை முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தைச் சந்தேகமாகப் பார்க்கும்.

வாசனை நன்றாக இருந்தது. வேலைதான் நன்றாக இல்லை. நான் கல்லூரியில் படித்ததெல்லாம் இங்கிலீஷில். இங்கே நடத்த வேண்டியது தமிழில். ‘விசை’ வரை சமாளித்தேன். ‘உந்தம்’ வந்ததும் வாய் குழறியது. ‘கோண உந்தம்’ வந்த அன்று, புத்தகத்தை அப்படியே வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பதினாலு பெண்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நானும் அவர்களை அப்படித்தான் பார்த்தேன். காலாண்டுத் தேர்வில் பதினோரு பேர் பெயில்.

தலைமையாசிரியையை ஊரே பெரிய டீச்சர் என்று சொல்லும். கண்டிப்புக்குப் பேர் போனவர். என்னைக் கூப்பிட்டார்.

“அரைப் பரீட்சையில பாதிப் பேராவது தேறணும். இல்லைன்னா குரூப்பை மூடிருவேன். பிள்ளைகளை வரலாற்றுக்கு மாத்திருவேன். இவங்க அப்பாமார் இப்பவே வந்து எங்கிட்ட கேக்கிறாங்க, பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்தப் படிப்புன்னு. ஆவுடையோட அப்பா, பரீட்சையில தவறினா தறியிலே உட்கார வச்சிருவேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்.”

ஆவுடை கடைசி பெஞ்சுப் பெண். நெசவுக் குடும்பம். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். ஆனால் நான் தப்பாகச் சொல்லும்போது மட்டும் அவள் புருவம் லேசாக உயரும். அதனால் அவளைப் பார்ப்பதையே தவிர்த்து வந்தேன்.

அடுத்த பாடம் திரவங்கள். ஒரு சாயங்காலம், மறுநாள் நடத்த வேண்டியதை மாடியில் நடந்துகொண்டே உரக்கச் சொல்லிப் பழகினேன். “பாகுநிலை என்பது, பாய்மத்தின் அடுத்தடுத்த அடுக்குகளுக்கு இடையே உள்ள சார்பு இயக்கத்தை எதிர்க்கும் பண்பு. பாகுநிலை என்பது…” ஐந்தாவது தடவை சொல்லும்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பதம் கையில் கரண்டியோடு வாசலில் நின்றார்.

“பாகுல கொறை இருந்தா எங்கிட்ட நேராச் சொல்லுங்க டீச்சர். மாடியில நின்னுக்கிட்டு ஊரு கேக்கச் சொல்லாதீய.”

“ஐயோ, அது உங்க பாகு இல்லை அண்ணாச்சி. பாடத்துல வர்ற பாகு.”

நம்பவில்லை. புத்தகத்தைக் காட்டினேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கி, விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். மூன்று வரி படித்து முடிப்பதற்குள் தெருவிளக்கு எரிந்துவிட்டது. பிறகு நிமிர்ந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

“நம்ம சமாச்சாரம் பொஸ்தகத்துல வந்திருக்கு.”

“ஆமா அண்ணாச்சி. எந்தத் திரவம் எவ்வளவு தண்ணியா ஓடும், எவ்வளவு கெட்டியா நகரும்னு சொல்ற பாடம். அதுக்குத் தமிழ்ல பாகுநிலைன்னு பேர் வச்சிருக்காங்க.”

“கம்பிப் பதத்தைப் பத்தி ஒண்ணும் போடலியே?”

“அது… இல்லை.”

இன்னும் கீழே படித்தார். நெற்றி சுருங்கியது. “வெளக்கெண்ணெ, தேனு, தாரு. பேரு மட்டும் பாகு. உதாரணத்துக்கு வெளக்கெண்ணெயா? இது என்ன நியாயம் டீச்சர்? இதை எழுதின எடத்துல பாகு காச்சுத ஆளு ஒருத்தரும் இல்லையா?”

மறுநாள் காலையில் கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கால் கிலோ சேவு வாங்க வந்தவர்கள்கூட, சர்க்கார் புத்தகத்தில் பாகு வந்திருப்பதையும் அதில் விளக்கெண்ணெய் கலந்திருப்பதையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

அடுத்து அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்தச் சொல்லை யார் முதலில் வைத்திருந்தார்கள், படித்தவர்களா, மிட்டாய்க் கடைக்காரர்களா. தமிழம்மாவிடம் கேட்டார். தமிழம்மாவிடம் ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டால் அதன் பாட்டன் முப்பாட்டனையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

“பாகுன்னா சர்க்கரைப் பாகு மட்டும் இல்லை அண்ணாச்சி. சமைக்கிறதைப் பாகம்னு சொல்றோம் பாருங்க, அந்த வடசொல்லோட உறவுன்னு ஒரு கட்சி. இல்லை, நம்ம சொல்தான்னு இன்னொரு கட்சி. அகராதியில பாக்குக்கும் பாகுன்னு ஒரு பேர் இருக்கு. யானையை நடத்துறவனுக்கும் பாகுன்னு பேர். அதான் பாகன்.”

பதம் சமையலை ஏற்றுக்கொண்டார். பாக்கையும் விட்டுவிட்டார். “யானைக்காரன் எப்படி உள்ள வந்தான்?” என்றார்.

“சொல் ஒண்ணா இருக்கு. பொருள் வேறயா இருக்கு. அவ்வளவுதான்.”

“அது எப்படி அவ்வளவுதான் ஆகும்?”

வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் கோயிலுக்குப் போயிருந்தபோது, யானை நிற்கும் இடத்தில் பதம் நின்றுகொண்டிருந்தார். கக்கத்தில் ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய். பாகனை விசாரணை செய்துகொண்டிருந்தார்.

“வே, பாகன்னு ஒமக்கு எப்படிப் பேரு வந்துது?”

“யானை வச்சிருக்கவன் பாகன்.”

“அது தெரியும். அதுல இருக்க பாகு எங்கேருந்து வந்துது?”

“ஒம்ம கடையிலேருந்துதாம் வருது” என்றார் பாகன்.

இதற்குள் யானை தும்பிக்கையை நீட்டி, கக்கத்திலிருந்த பொட்டலத்தை அலுங்காமல் எடுத்து, இலையும் நூலுமாக வாயில் போட்டுக்கொண்டது. பதம் கோபப்படவில்லை. அது மெல்லும் அழகைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இத்தாம் பெரிய உருப்படியை எப்படி வே அடக்குதீரு?”

“அடக்கவா? அது நடக்குமா? அது மனசு எப்பத் திரும்பும்னு பாத்துக்கிட்டே நிக்கணும். கண்ணை எடுத்தா சோலி முடிஞ்சுது.”

பதம் அன்று சாயங்காலம் மாடிக்கு வந்து தமிழம்மாவிடம் தீர்ப்புச் சொன்னார். “நீங்க சொன்னது சரிதான். யானைக்காரனும் நம்மாளுதான். அவனும் கண்ணை எடுக்கப்படாது, நானும் கண்ணை எடுக்கப்படாது. அதான் ஒரே பேரு.”

“இது இலக்கணத்துல சேராது அண்ணாச்சி.”

“சேரலைன்னா அங்கன எடம் பத்தலைன்னு அர்த்தம்.”

இங்கிலீஷ் மிச்சம் இருந்தது. அதில் இதற்கு என்ன பெயர் என்றார். விஸ்காஸிட்டி என்றேன். அது எங்கிருந்து வந்தது என்றார். எனக்குத் தெரியவில்லை. எம்.எஸ்ஸி. வரை அந்தச் சொல்லை ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன், ஒரு தடவைகூட அப்படிக் கேட்கத் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது. பள்ளி நூலகத்தில் தூசி தட்டி, தலையணை கனத்தில் ஓர் அகராதியை எடுத்துப் பார்த்தேன். நம் ஊர் மரங்களில் புல்லுருவி வளர்கிறதே, அந்த மாதிரி ஒரு செடி ஐரோப்பாவில் உண்டு. அதன் பழம் பிசுபிசுவென்று ஒட்டும். அந்தப் பசையை மரக்கிளையில் தடவிக் குருவி பிடிப்பார்களாம். அந்தச் செடிக்கான லத்தீன் பெயரிலிருந்து வந்த சொல்.

கேட்டதும் பதத்தின் முகம் மலர்ந்தது. “ஆலம்பால் தடவிக் குருவி பிடிப்போமே, அதுவா?”

“அதேதான்.”

“பாவம். அவனுக்கு ஒட்டுதது மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு. இனிக்கும்னு நம்மாளுதான் கண்டுபிடிச்சிருக்கான்.”

இதையும் கடையில் எல்லோருக்கும் சொன்னார். சில நாள் ‘ஒரு பொட்டலம் விஸ்காஸிட்டி கொடும்’ என்று கேட்டு வாங்கியவர்கள் உண்டு.

இந்த நிலையில்தான் பெரிய டீச்சர், வியாழக்கிழமை மூன்றாவது பீரியட் என் வகுப்பில் வந்து உட்காரப் போவதாகச் சொல்லி அனுப்பினார். பாடம், பாகுநிலை. உயரமான கண்ணாடிக் குழாயில் விளக்கெண்ணெயை ஊற்றி, அதில் சின்னக் குண்டுகளைப் போட்டு, அவை இறங்கும் வேகத்தை அளந்து காட்ட வேண்டும். லேபில் இருந்த ஒரே குழாயில் விரிசல். மாடிப்படியில் நின்று தமிழம்மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன்.

“என்னைக்கு டீச்சர்?” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

“வியாழக்கிழமை அண்ணாச்சி. மூணாவது பீரியட்.”

“சரி.”

அந்த ‘சரி’யைக் கேட்டு நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

வியாழக்கிழமை இரண்டாவது பீரியட் முடியும்போது பள்ளிக்கூட வாசலில் ஒரு கைவண்டி வந்து நின்றது. அதில் பம்பு ஸ்டவ், வாணலி, சீனி, எலுமிச்சம்பழம், கடையில் மிட்டாய் போட்டு வைக்கும் உயரமான கண்ணாடி ஜாடிகள் மூன்று. வாட்ச்மேன் தடுத்தார்.

“ஆம்பளையாளு உள்ள போகப்படாது.”

“நான் ஆளா வரலை வே. பாடமா வந்திருக்கேன்.”

நான் ஓடிப் போய் அவரைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அப்போது லேப் ஜன்னலில் வரிசையாகப் பதினாலு முகங்கள் தெரிந்தன. அந்த வருஷம் முழுக்க அந்த முகங்களில் நான் பார்க்காத ஒன்று அன்று இருந்தது. ‘உள்ளே விடுங்க’ என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். அந்த வார்த்தைக்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான்.

அவர் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சீனியையும் தண்ணீரையும் ஏற்றினார். பெண்கள் சுற்றி நின்றார்கள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “வெப்பநிலை உயர்ந்தால் திரவத்தின் பாகுநிலை குறையும்” என்று ஆரம்பித்தேன்.

“அது எப்படி?” என்றார் பதம். “தீயில வைக்க வைக்கப் பாகு எறுகத்தானே செய்யுது?”

வகுப்பு திரும்பி என்னைப் பார்த்தது. கடைசியில் நின்ற ஆவுடையின் புருவம் உயர்ந்தது. புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. கண்ணை மூடி ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினேன்.

“இதுல ரெண்டு வேலை நடக்குது. தீ, தண்ணியை ஆவியாக்கி வெளிய அனுப்புது. தண்ணி குறைஞ்சா, மிச்சம் இருக்கிறது கெட்டியாகும். அது ஒண்ணு. ஆனா சூடா இருக்கிற வரைக்கும் அந்தக் கெட்டிப் பாகுகூடத் தண்ணி மாதிரிதான் ஓடும். இறக்கி வச்சு ஆறினதும் பாருங்க.”

பதம் வாணலியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து ஊற்றிக் காட்டினார். ஓடியது. இன்னொரு கரண்டியைத் தட்டில் ஆறவிட்டுத் தொட்டு இழுத்தார். கம்பி வந்தது.

“எறக்குன ஒடனே பதம் பாக்கப்படாது, ஆறட்டும்னு எதுக்குச் சொல்லுதேன். இதுக்குத்தான்” என்றார் அவர், ஏதோ இருபது வருஷமாக அவர் சொல்லிவந்ததைச் சர்க்கார் இப்போதுதான் ஒப்புக்கொண்ட மாதிரி.

புத்தகத்தைப் பார்க்காமல் நான் தமிழில் பௌதிகம் பேசியது அன்றுதான் முதல் தடவை. பேசி முடித்த பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

மூன்று பதத்திலும் பாகு தயாராகி, ஜாடிகளில் ஊற்றி, தண்ணீர் வாளியில் வைத்துப் பாதி ஆறவிட்டு மேஜையில் வரிசையாக வைத்த நேரத்தில், பீரியட் பாதி கழிந்து, பெரிய டீச்சர் நுழைந்தார். ஸ்டவ்வைப் பார்த்தார். வாணலியைப் பார்த்தார். பனியன் போட்ட ஆளைப் பார்த்தார். முன்னால் உட்கார்ந்து, வகுப்புப் பார்வை ரெஜிஸ்டரை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டார்.

முதல் ஜாடியில் கோலிக்குண்டைப் போட்டோம். பொத்தென்று போய் அடியில் உட்கார்ந்தது. இரண்டாவதில் போட்டோம். பையப் பைய, ஒரே சீராக இறங்கியது. பெண்கள் ஒன்று, இரண்டு என்று சேர்ந்து எண்ணினார்கள். மூன்றாவது உருட்டுப் பதம். அதில் போடும் முறை ஆவுடைக்கு வந்தது. அவள் பயத்தில் குண்டைக் கொஞ்சம் உயரத்திலிருந்து விட்டுவிட்டாள். பாகு அதைப் பிடிப்பதற்குள் அது ஜாடியின் விளிம்பில் மோதியது. ஏற்கெனவே சூட்டில் இருந்த கண்ணாடி, மேலிருந்து கீழ் வரை படக்கென்று விரிசல் விட்டது.

பாகு மேஜைமேல் இறங்கி, பெரிய டீச்சரின் ரெஜிஸ்டரை நோக்கிப் புறப்பட்டது. அதற்கு ஓர் அவசரமும் இல்லை. நாங்கள் பதினாறு பேரும் மூச்சுவிடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். யாருக்கும் ரெஜிஸ்டரை எடுக்கத் தோன்றவில்லை. பெரிய டீச்சருக்கும் தோன்றவில்லை. அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

“ஆவுடை, இது ஏன் இவ்வளவு மெதுவா வருது?”

ஆவுடை என்னைப் பார்த்தாள். பிறகு பாகைப் பார்த்தாள்.

“உள்ள அடுக்கடுக்கா இருக்கு பெரிய டீச்சர். மேல் அடுக்கு ஓடப் பாக்குது. கீழ் அடுக்கு அதைப் புடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கு. அந்தப் பிடிதான் பாகுநிலை.”

“தண்ணியா இருந்தா?”

“இந்நேரம் ரெஜிஸ்டரு நனைஞ்சிருக்கும்” என்று சொல்லி, அதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பாகு நாலு விரல் தள்ளி வந்துகொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்சம் ஆறிச்சுன்னா அங்கனயே நின்னுரும்” என்றார் பதம்.

பெரிய டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். “நீங்க யாரு?”

“பதம்.”

“என்ன பதம்?”

“உருட்டுப் பதம்” என்றார் அவர், பாகைக் காட்டி.

மறுநாள் காலை எனக்கு மெமோ வந்தது. அனுமதியில்லாமல் வெளியாளை வகுப்பறைக்குள் விட்டது, அடுப்பு மூட்டியது, பள்ளி மேஜைக்குச் சேதம் விளைவித்தது. மூன்று நாளில் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். நான் தற்காலிகமாக எடுக்கப்பட்டவள். ஒரு வரி எழுதி என்னை வேலையை விட்டு அனுப்பிவிட முடியும். மாடியில் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்தேன்.

விஷயம் பதத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அன்று கடையிலிருந்து வாசனை வரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். பெரிய சட்டி நிறையக் காய்ச்சிய பாகு முழுவதும் வெள்ளை வெளேரென்று பூத்துச் சீனியாகிக் கிடந்தது. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பதம் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கண்ணை எடுத்துட்டேன் டீச்சர்” என்றார். “ஒங்க சோலிக்கு நானே எமனா வந்துட்டனே.”

அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

மறுநாள் அவர் தமிழம்மாவிடம் ஒரு மனு எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதியதை, ஒரு திருத்தமும் செய்யாமல் தமிழம்மா எனக்குப் படித்துக் காட்டினார். ‘பெரிய டீச்சர் சமூகத்துக்கு. வியாழக்கிழமை பாகு காய்ச்சியது நான். பௌதிக டீச்சர் காய்ச்சச் சொல்லவில்லை. அவர்களுக்குக் காய்ச்சவும் தெரியாது. புத்தகத்தில் பாகு என்று போட்டிருந்ததால் நானாக வந்தேன். விளக்கெண்ணெய் என்று போட்டிருந்தால் வந்திருக்க மாட்டேன். ஆகவே இதற்கு நானும் புத்தகம் போட்டவர்களும்தான் பொறுப்பு. மேஜையை நானே வெந்நீர் விட்டுக் கழுவித் தருகிறேன்.’

சட்டை போட்டு, தலை சீவி, அதை எடுத்துக்கொண்டு போனார். அவரைச் சட்டையில் பார்த்து முதலாளிக்கே அடையாளம் தெரியவில்லை. உள்ளே நடந்ததைப் பின்னாளில் பெரிய டீச்சரே எனக்குச் சொன்னார். மனுவைப் படித்துவிட்டு, “மிட்டாய் ஒண்ணும் கொண்டு வரலையா?” என்று கேட்டிருக்கிறார்.

“கொண்டாந்தா லஞ்சம்பீய. கொண்டாரலைன்னா மரியாதை தெரியாதவன்பீய. வெளிய நின்னு நெடுநேரம் யோசிச்சுட்டு வெறுங்கையோட வந்துட்டேன்.”

அன்று மத்தியானம் என் மெமோ திரும்பி வந்தது. அடியில் பெரிய டீச்சரின் கையெழுத்தில் இரண்டு வரி. ‘விளக்கம் ஏற்கப்பட்டது. இனிமேல் அடுப்பை லேபுக்கு வெளியே வராண்டாவில் வைத்துக்கொள்ளவும்.’

இனிமேல் என்ற அந்த ஒரு சொல்லை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அரையாண்டுத் தேர்வில் பத்துப் பேர் தேறினார்கள். குரூப் பிழைத்தது. ஆவுடை தறிக்குப் போகவில்லை. பிற்பாடு பாளையங்கோட்டைக்குப் போய் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தாள். தேர்வு முடிவைச் சொல்ல நான் கடைக்கு ஓடினேன். பதம் ரொம்ப சந்தோஷப்பட்டு, வினாத்தாளைக் காட்டச் சொன்னார். அதில் பாகுநிலை பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

“ஒண்ணுகூட இல்லையா? அப்ப எதை எழுதிப் பாஸானாளுவ?” என்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

எதை எழுதித் தேறினார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு என் வகுப்பில் கேள்வி கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. உந்தம் எந்தச் சொல்லிலிருந்து வந்தது, உந்தித் தள்ளுகிறோமே அதுவா என்று ஆவுடை கேட்டாள். அலை, ஒளி, இழுவை என்று ஒவ்வொரு சொல்லாக அவர்கள் வீட்டிலும் தறியிலும் வயலிலும் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கும் வாய் குழறுவது நின்றது. இதையெல்லாம் அவரிடம் விளக்கிச் சொல்லப் பார்த்தேன். அவர் வினாத்தாள் போட்டவர்மேல் இருந்த கோபத்தில் எதையும் காதில் வாங்கவில்லை.

ஆறு வருஷம் கழித்து எனக்குச் சொந்த ஊர்ப் பக்கம் வேலை கிடைத்தது. ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். ஜன்னலோரம் நின்றார். டிரைவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

“டீச்சர், அந்தப் பொஸ்தகத்துல பாகுக்கு அடுத்து என்ன பாடம்?”

“பரப்பு இழுவிசை அண்ணாச்சி.”

“அதுவும் நம்ம சமாச்சாரமா இருக்குமோ?”

பஸ் நகர்ந்துவிட்டது. திருச்சிக்குப் போனதும் ஒரு கார்டு எழுதினேன். ‘அண்ணாச்சிக்கு வணக்கம். பாகை ஊற்றி முடித்ததும் கரண்டியைச் சாய்த்துப் பிடியுங்கள். கடைசிச் சொட்டு உடனே விழாது, முத்து மாதிரி திரண்டு கொஞ்ச நேரம் தொங்கும். அதன் மேற்பரப்பே ஒரு தோல் போல அதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதுதான் பரப்பு இழுவிசை. அதுவும் உங்கள் சமாச்சாரம்தான்.’

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. தமிழம்மாவின் எழுத்து இல்லை. அவரே எழுதியிருந்தார், பெரிது பெரிதாக, கோடு ஏறி இறங்கி. கார்டு முழுவதற்கும் இரண்டே சொல்.

‘பார்த்தேன். தொங்குகிறது.’

ஓய்வு பெறும் வரை ஆயிரக்கணக்கில் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். இது ஒன்றுக்குத்தான் எவ்வளவு மார்க் போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன்.